எழுதாமல் விட்ட மதிப்புரை

2019 ஜனவரி 21, திங்கட்கிழமை காலை. கோடம்பாக்கம் ஸ்டேஷனில் பீச் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஏதோ ஓர் ஓவியத்தைச் சாய்வாக எடுத்த புகைப்படம். அதன்மேல் யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். இதைப் பார்த்த பிறகும் சும்மா இருப்பாயா என்று கீழே கேட்டிருந்தது. அனுப்பியவர் என் உறவினர். ஓவியக் கண்காட்சிக்கெல்லாம் போகிறவர் இல்லை.

அந்தப் படம் தொங்கிய இடம் எனக்கு அடுத்த ஸ்டேஷன். நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் லயோலா கல்லூரி. சனியும் ஞாயிறும் அங்கே ‘வீதி விருது விழா’ நடந்திருந்தது. நாட்டுப்புறக் கலைஞர்களை அழைத்துவந்து ஆடவிட்டு, விருது கொடுத்து அனுப்பும் விழா. அதன் ஒரு பகுதியாக ஓவியர் முகிலனின் படங்களை வைத்திருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் போகலாம் என்றுதான் இருந்தேன். ஞாயிறு எங்கள் குடியிருப்பில் தண்ணீர் வரும் நாள். குடத்தோடு போனது பொழுது.

பிறகு நடந்தது செய்தித்தாளில் வந்ததுதான். மத்திய ஆட்சியையும் இந்துத்துவ அரசியலையும் விமர்சித்த படங்கள் அவை. பாலியல் வன்முறைக்கு உள்ளானவளாகப் பாரத மாதாவைக் காட்டி, ‘மீ டூ’வோடு இணைத்த படமும் அவற்றில் ஒன்று. பாஜகவினரும் இந்து அமைப்புகளும் கொதித்தார்கள். காவல்துறைக்குப் புகார் போயிற்று. தங்கள் இடம் தவறாகப் பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று கல்லூரி வருத்தம் தெரிவித்தது, மன்னிப்புக் கேட்டது, படங்களை அகற்றிவிட்டதாகவும் சொன்னது.

அன்று இரவு நான் ஒரு மதிப்புரை எழுத உட்கார்ந்தேன். நோட்டில் இரண்டு பக்கம் குறிப்பு எடுத்தேன். அந்த மதிப்புரையை எழுதவே இல்லை. எழுதாமல் போனது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் குறிப்புகள் முகிலனுக்கு ஆதரவானவை அல்ல. அவருக்கு அந்தப் படங்களை வரையவும் மாட்டவும் இருந்த உரிமையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் வழக்கு வேறு. ‘மீ டூ’ என்று எழுதிய ஒரு படத்தில் பாரத மாதாவுக்கு என்ன வேலை?

பாரத மாதா என்ற உருவத்துக்கு வயது நூற்றுச் சொச்சம். 1905இல் வங்கப் பிரிவினைக் காலத்தில் அபனீந்திரநாத் தாகூர் அவளை வரைந்தார். காவி உடை, நான்கு கைகள். நெற்கதிர், சுவடி, வெள்ளைத் துணி, ஜபமாலை. நிலத்துக்கு ஓர் அம்மா கிடைத்தாள். அம்மா கிடைத்ததும் அவளைக் காக்க மகன்கள் கிடைத்தார்கள். நூறு ஆண்டு கழித்து எம்.எப். உசேன் ஒரு நிர்வாணப் பெண்ணுடலை நாட்டின் வரைபடமாக வரைந்தார். அதற்கு அவர் தலைப்பு வைக்கவில்லை. விற்பனைக்கு வந்தபோது அது ‘பாரத மாதா’ ஆனது. 2006இல் மன்னிப்புக் கேட்டார், படம் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது, அவரும் நாட்டை விட்டுப் போனார். 2008 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அவர்மீதான வழக்குகளை ரத்துசெய்தார். உசேன் திரும்பவில்லை. கத்தார் குடியுரிமை பெற்று, 2011இல் லண்டனில் இறந்தார்.

தாகூர் அவளை வணங்கினார். உசேன் அவள் ஆடையைக் களைந்தார். லயோலாவில் அவள் சிதைக்கப்பட்டவளாக நின்றாள். மூன்று பேரும் ஆண்கள். அவள்மேல் கோபப்பட்டு, அவளுக்காகக் கோபப்பட்டு வந்தவர்களில் பெரும்பாலோரும் ஆண்கள். அந்த உருவத்துக்கு எந்தக் காலத்திலும் வாய் இருந்ததில்லை. பெண்ணுக்கு நடந்த கொடுமை நாட்டுக்கே உறைக்கவேண்டுமானால் அவளை நாடாகவே வரைந்துவிட வேண்டும் என்று ஓவியர் நினைத்திருக்கலாம். அப்படியானால் நாடாக இல்லாத பெண்ணுக்கு நடந்தால்? தாயாக இல்லாதவளுக்கு நடந்தால்?

இதை நான் கோடம்பாக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அந்த விழாவுக்கு மூன்று மாதம் முன்பு, 2018 அக்டோபரில், ‘மீ டூ’ எங்கள் தெருவுக்கே வந்திருந்தது. பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்துமீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டை வெளிப்படையாகச் சொன்னார். வைரமுத்து அதை மறுத்தார். அதே அக்டோபரில்தான் ‘96’ படம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே ஜானுவுக்காக உருகியது. திரையில் திரிஷாவின் முகம், குரல் சின்மயியுடையது. நவம்பரில் டப்பிங் கலைஞர்கள் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சொன்ன காரணம், சந்தா கட்டவில்லை. தான் கட்டியிருப்பதாக அவர் சொன்னார்.

தணிக்கை என்றால் கத்தரிக்கோல், கறுப்பு மை என்று நினைத்துப் பழகிவிட்டோம். சந்தா பாக்கி என்று ஒரு வரி போதும், ஒரு குரலை ஸ்டுடியோவுக்கு வெளியே நிறுத்த. அந்தக் குரலை வரைய நம்மிடம் படம் இல்லை. பாரத மாதாவை வரைந்தோம். இதுதான் நான் எழுத நினைத்த மதிப்புரையின் சாரம்.

சிறுபத்திரிகை ஒன்றில் வேலை செய்யும் தோழியிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். “நீ சொல்றது எல்லாம் சரிடி. ஆனா இப்ப எழுதாத. படத்தை இறக்கிட்டாங்க, அந்த மனுஷனுக்கு மிரட்டல் வந்திட்டிருக்கும். நீ இதை எழுதுனா பெண்ணியவாதியே கண்டிக்கிறாங்கன்னு அவங்க மேடையில படிப்பாங்க.”

அவள் சொன்னது நியாயம். நோட்டை மூடிவைத்தேன்.

இப்போது யோசித்தால், அன்று லயோலாவில் இறக்கப்பட்டவை ஓவியங்கள் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. ஒரு படைப்பை அகற்றும்போது அதோடு சண்டை போடும் உரிமையையும் சேர்த்தே அகற்றிவிடுகிறார்கள். படம் சுவரில் இருந்தால் அதன்முன் நின்று, இது மோசமான ஓவியம் என்று நான் சொல்லலாம். ஓவியர் பதில் சொல்லலாம். பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பெண் எங்கள் இருவரையும் மறுக்கலாம். சுவர் காலியானபின் எனக்கு இரண்டே இடம்தான் மிச்சம்: ஒன்று ஓவியரின் வக்கீல், இல்லையென்றால் கும்பலின் சாட்சி. பெண்ணிய விமர்சனம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் உயிர் வாழ்கிறது.

சினிமாக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தணிக்கை என்றால் ஒரு விலாசம்: ஹாடோஸ் சாலை, சாஸ்திரி பவன். அங்கே படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். எந்தக் காட்சி, எந்தச் சொல் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வருவார்கள். அதை எதிர்த்து மேலே போவார்கள். லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ படத்துக்கு 2011இல் சென்னையில் சான்றிதழ் மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டில் அனுமதி கொடுத்தது. அந்தத் தீர்ப்பாயத்தையும் 2021இல் கலைத்துவிட்டார்கள். இப்போது உயர்நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். முறை கொடியதுதான். ஆனாலும் எதிரில் ஒரு மேசை இருக்கிறது, மேசைக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது.

கண்காட்சிக்கு அப்படி முன்தணிக்கை கிடையாது. சுதந்திரம் என்று தோன்றும். நடைமுறையில், புண்பட்டதாக யார் சொல்கிறாரோ அவரே தணிக்கை அதிகாரி. கையில் 1927இல் வெள்ளைக்காரன் சேர்த்துவிட்டுப் போன 295ஏ பிரிவு. இப்போது நியாய சன்ஹிதாவில் 299 என்று எண் மாறியிருக்கிறது. வழக்கு நீதிமன்றத்தில் நிற்குமா என்பது முக்கியமே இல்லை. புகார் போனாலே நிறுவனம் மன்னிப்புக் கேட்டுவிடும். மன்னிப்பை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது?

மன்னிப்பே தணிக்கையாவதை நாம் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறோம். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய ‘சமாதான’ப் பேச்சுவார்த்தையில் பெருமாள்முருகனிடம் நிபந்தனையற்ற வருத்தம் எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. தீர்ப்பு சொன்ன தலைமை நீதிபதி, உசேனின் வழக்குகளை ரத்துசெய்த அதே கௌல்.

அங்கேயும் புண்பட்டதாகச் சொல்லப்பட்டது பெண்களின் மானம். பெண்களைக் கேட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை. ‘மாதொருபாகன்’ பற்றி எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கணவன் சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லித்தான் பொன்னாவைத் திருவிழாவுக்கு அழைத்துப் போகிறார்கள். இருளில் ஒரு விடுதலையை அவள் ருசிப்பதாக வாசிக்கிறோம். அந்த விடுதலையின் வாசலில் ஓர் ஏமாற்று நிற்கிறது. பெண்ணின் சம்மதம் பற்றி அந்த நாவலை வைத்து எவ்வளவு பேசியிருக்கலாம். அந்த ஆண்டுகளில் நாம் எல்லோரும் எழுத்தாளரை உயிர்ப்பிப்பதில் இருந்தோம். இருக்கவேண்டியும் இருந்தது. பொன்னாவைப் பற்றிப் பேச நேரமில்லை.

மூன்றாவது சம்பவம் சென்னையிலிருந்து வெகுதூரத்தில் நடந்தது. மையத்தில் இருந்தவர் நம்மவர். 2022 ஜூலையில் டொரோண்டோவின் ஆகா கான் அருங்காட்சியகத்தில், கனடாவின் பன்மைப் பண்பாடு பற்றி ஒரு பல்கலைக்கழகம் நடத்திய நிகழ்வில், 18 குறும்படங்களில் ஒன்றாக லீனாவின் ‘காளி’ காட்டப்பட்டது. லீனாவே காளி வேடமிட்டு அந்த நகரத்துத் தெருக்களில் இரவில் நடக்கும் படம். சுவரொட்டியில் காளி சிகரெட் பிடித்தபடி, கையில் வானவில் கொடியோடு நின்றாள். ஒட்டாவாவிலிருந்த இந்தியத் தூதரகம் அதை விலக்கும்படி கேட்டது. அருங்காட்சியகம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தன் பக்கத்திலிருந்து அகற்றியது. பல்கலைக்கழகமும் வருந்தியது. இந்தியாவில் பல மாநிலங்களில் லீனாமீது வழக்குகள் பதிவாயின, கொலை மிரட்டல்கள் வந்தன. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அவர்மீது கடும் நடவடிக்கை கூடாது என்று இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தது.

லயோலாவையும் ஆகா கான் அருங்காட்சியகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒன்று ஏசு சபையினர் 1925இல் தொடங்கிய கல்லூரி. இன்னொன்று இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் நிறுவியது. தாங்கள் வாழும் நாட்டில் இரண்டுமே சிறுபான்மைச் சமூகத்தின் நிறுவனங்கள். பெரும்பான்மையின் ‘தாய்’ அவர்கள் சுவரில் மாட்டப்பட்டிருந்தால், அந்தத் தாயை வரைந்தவர் யார் என்பது மறந்துபோகும். சுவர் யாருடையது என்பதே பேச்சாகும். ஆகவே அவர்களை வெறும் கோழைகள் என்று எழுத என் கை வரவில்லை. அவர்களுக்கு ஆயிரக்கணக்கான மாணவர்கள் இருக்கிறார்கள், கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பயந்தோம் என்று சொல்வது வேறு, தவறு செய்தோம் என்று சொல்வது வேறு. இரண்டு நிறுவனங்களும் தங்கள் பயத்தைக் கலைஞரின் குற்றமாக எழுதிக் கையெழுத்திட்டன.

‘காளி’ சுவரொட்டியைப் பார்த்தபோது எனக்கு என் மாமா நினைவுக்கு வந்தார். அம்மாவின் ஊர் உடன்குடிப் பக்கம். பக்கத்தில் குலசேகரப்பட்டினம். முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு ஆயிரக்கணக்கானோர் வேடம் கட்டுவார்கள். காளி வேடம் பெரும்பாலும் ஆண்கள்தான். மாமா மாலை போட்டு, விரதமிருந்து, ஏழு வருஷம் காளி கட்டினார். தகரக் கைகள், சடைமுடி, தொங்கும் நாக்கு. ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குவார். நடுவில் பஸ் ஸ்டாண்டில் சடைமுடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடிப்பார். குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். எவர் மனமும் புண்பட்டதில்லை. விரத நாளில் மாமா பீடியைத் தொடமாட்டார், அது உண்மை. அதே ஊரில் சுடலைமாடனுக்குச் சுருட்டும் சாராயமும் படைப்பதும் உண்மை.

ஆண் காளி கட்டினால் அது நேர்த்திக்கடன். பெண் காளி கட்டினால் அது வழக்கு. வடபழனியில் சினிமாவுக்கும் நாடகத்துக்கும் உடை வாடகைக்குக் கொடுக்கும் கடைகளில் அம்மன் கிரீடமும் சூலமும் வருஷம் முழுக்கத் தொங்கும். அங்கிருந்து போன கிரீடத்தை நடிகைகள் எத்தனையோ அம்மன் படங்களில் வைத்துக்கொண்டார்கள். அதுவும் யாரையும் புண்படுத்தவில்லை. அந்த அம்மன்கள் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் சூலத்தை ஓங்கினார்கள், கதாநாயகியின் தாலியைக் காப்பாற்றிவிட்டு மறைந்தார்கள். லீனாவின் காளி யார் சொல்லியும் வரவில்லை, யார் தாலியையும் காப்பாற்றவில்லை. தானே கேமராவையும் வேடத்தையும் எடுத்துக்கொண்டு, இரவில் தெருவில் நடந்தாள். தெருவில் இரவில் நடக்கும் பெண்ணைப் பார்த்து ஊர் கேட்கும் கேள்விதான் அந்த வழக்குகளிலும் கேட்கப்பட்டது.

இவ்வளவும் சொன்னபிறகு, அந்தச் சுவரொட்டி பற்றியும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சிகரெட் எனக்குப் போதவில்லை. ஆட்டு ரத்தம் குடிப்பவள், சுடுகாட்டில் ஆடுபவள், தன் பசியை மறைக்காதவள் எங்கள் ஊர்க் காளி. அவள் விடுதலையானவள் என்று காட்ட ஒரு சிகரெட் தேவைப்படுகிறது என்றால், யாருக்குக் காட்டுகிறோம்? டொரோண்டோவுக்குப் புரியும்படி அவளை மொழிபெயர்த்ததில் அவள் கொஞ்சம் சின்னவளாகிவிட்டாளோ? அவளுக்கு ஆடு வெட்டும் சாதிகளின் பெண்கள் இதைப் பார்த்தால் தங்களை அடையாளம் காண்பார்களா? இவை ஒரு சுவரொட்டியை மட்டும் வைத்துக் கேட்கும் கேள்விகள். படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் கேள்விகளே தவறு என்று ஆகியிருக்கலாம். அந்த வாய்ப்பைத்தான் அருங்காட்சியகம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

லீனாவுக்குக் கொலை மிரட்டல் வந்த வாரத்தில் இதையும் நான் எழுதவில்லை. இரண்டாவது நோட்டும் மூடிக்கொண்டது. இப்படி மூடி மூடி, நம்மிடம் பெண்கள் எழுதிய கண்டன அறிக்கைகள் நிறைய இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு. சர்ச்சைக்குள்ளான படைப்புகளைப் பற்றி நிதானமான விமர்சனங்கள் மிகக் குறைவு. பத்து வருஷம் கழித்து ஓர் இளம்பெண் இந்தப் படைப்புகளைத் தேடினால் அவளுக்குக் கிடைப்பது சிவப்பு வட்டம் போட்ட அந்தப் புகைப்படமும் நம் அறிக்கையும்தான். எதிர்ப்பவர்கள் எடுத்த புகைப்படமே அந்த ஓவியத்தின் ஒரே பிரதியாக மிஞ்சும்.

நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் இல்லை. இந்தப் படத்தின் கருத்து எங்களுடையது அல்ல, ஆனால் அறிவித்த நாள் வரை இது இங்கே இருக்கும் என்று இரண்டு வரி எழுதி ஒட்டுங்கள். புண்பட்டவர்களை உள்ளே அழையுங்கள், ஒரு நாற்காலி போடுங்கள், பேசட்டும். பக்கத்தில் இன்னொரு நாற்காலி பெண்களுக்குப் போடுங்கள். அந்த வீதி விருது விழாவுக்கே பறையோடும் கரகத்தோடும் கலைஞர்கள் வந்திருந்தார்களே, ஊர்த் தெய்வங்களைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தவிர்க்கவே முடியாமல் இறக்கினால், பயத்தால் இறக்கினோம் என்று உண்மையை எழுதுங்கள். படத்தின் ஒரு நல்ல பிரதியையாவது காப்பாற்றி வையுங்கள்.

நம்மிடம் நான் கேட்பது ஒன்றுதான். நம் விமர்சனத்தை அவர்கள் மேடையில் படிப்பார்கள் என்ற பயம் நியாயமானது. அப்படிப் படித்தால், முழுவதையும் படியுங்கள் என்று நாம் எழுந்து சொல்லலாம். முதல் வரியிலேயே, இந்தப் படம் சுவரில் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, இரண்டாவது வரியில் அதோடு சண்டையைத் தொடங்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்குத் தெரியும். வீட்டில் அதைத்தானே செய்கிறோம்: ஒரே ஆளிடம் சண்டையும் போடுகிறோம், தெருவில் எவனாவது அந்த ஆளை அடிக்க வந்தால் குறுக்கேயும் நிற்கிறோம்.

தோழியிடம் இந்தக் கட்டுரையைக் காட்டினேன். “இதையும் அவங்க எடுத்துப் படிப்பாங்க” என்றாள்.

படிக்கட்டும். முகிலனின் ஓவியம் லயோலாவின் சுவரில் இருந்திருக்க வேண்டும். அது நல்ல ஓவியம் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் தாமதமாகிவிட்ட என் மதிப்புரை இவ்வளவுதான்.